புகையைப் பாருங்கள், பிறகு ஸ்பேனரை எடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பழைய டர்போ வண்டிகளின் எரிபொருள் கோளாறுகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து பழைய டர்போ வண்டிகளைப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வண்டி வேறு, தொல்லை வேறு. ஆனாலும் கடிதத்துக்குக் கடிதம் "டர்போ போயிடுச்சுன்னு சொல்றாங்க" என்ற வரி வந்துகொண்டே இருக்கிறது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. அதன் விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அளந்து பார்க்கும் வேலைக்கே பதில்களில் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் உள்ள 2009 மாடல் கார் வைத்திருக்கிறேன். 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பகலில் தொட்டதும் எடுக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது குறை தெரியவில்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கேப்பர் மலை ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தால் சட்டென்று இழுவை போய், இன்ஜின் விளக்கு எரிகிறது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. புகை எதுவும் இல்லை. டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டரையும் டர்போவையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். "புகை எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதல் தடயம். டீசல் வண்டி இழுக்காமல் கரும்புகை கக்கினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். டர்போ, இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ், ஏர் ஃபில்டர் பக்கம் தேட வேண்டும். இழுக்கவும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் போதவில்லை. டேங்க் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும். ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டிகளில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைந்ததை சென்சார் காட்டிக்கொடுத்தால் ஈசியூவே டீசலைக் குறைத்துப் புகையை அடக்கிவிடும். அதனால் புகையோடு சேர்த்து ஸ்கேனர் காட்டும் எண்ணையும் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை விளக்கு எரிந்ததும் பேட்டரி ஒயரைக் கழற்றாமல் ஸ்கேன் போடச் சொல்லுங்கள். பி0087 என்று வந்தால் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான அழுத்தக் குழாய்) டீசல் அழுத்தம் குறைவு. பி0299 என்று வந்தால் டர்போ பூஸ்ட் குறைவு. இரண்டும் வெவ்வேறு நோய். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் முதலாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேப்பர் மலை ஏற்றத்தில் மட்டும் ஏன்? ஐட்லிங்கில் (மிதிக்காமல் நின்று ஓடும்போது) உங்கள் இன்ஜினுக்கு மணிக்கு அரை லிட்டர் அளவு டீசல் போதும். பாதி அடைத்துப்போன ஃபில்டர் வழியாகக்கூட அது வந்துவிடும். முழுக்க மிதித்தால் தேவை மணிக்கு 12 லிட்டரைத் தாண்டும். அப்போது ரெயிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்ப்புக்குள் வரும் டீசல் போதாமல் ரெயில் அழுத்தம் விழுகிறது. ஈசியூ கேட்ட அழுத்தத்துக்கும் கிடைத்த அழுத்தத்துக்கும் இடைவெளி பெரிதானதும், இழுவையைக் குறைத்து இன்ஜினைக் காக்கும் லிம்ப் மோடுக்குப் போய்விடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். கோளாறு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

காலைத் தொல்லைக்கும் இதே பக்கம்தான் காரணமாக இருக்கலாம். ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது வயதான ரப்பர் ஹோஸிலோ, தளர்ந்த கிளிப்பிலோ, ஃபில்டர் மூடியின் ஓரிங்கிலோ காற்று புகுந்தால் லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடிக்கும் பத்து நொடியும் காலி லைனை நிரப்பத்தான் போகிறது. குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கை மாற்றச் சொல்வார்கள். மார்கழி விடியலிலும் கடுங்குளிர் இல்லாத கடலூரில், பிளக்கை முதல் குற்றவாளி ஆக்க முடியாது.

இந்த வரிசையில் பாருங்கள்.

டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியவில்லை என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல், அதில் உள்ள டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கோலிக்குண்டு மாதிரி தனியாக உருண்டு நிற்கும். கறுப்புத் தூளோ வழவழப்பான கசடோ தெரிந்தால் டேங்கையும் கழுவ வேண்டியிருக்கும்.

அடுத்து, ஃபில்டரிலிருந்து ஹை பிரஷர் பம்ப்புக்குப் போகும் லைனில் ஒரு முழம் நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி ஹோஸைத் தற்காலிகமாக மாட்டுங்கள். உள்விட்டம் பழைய ஹோஸ் அளவே இருக்கட்டும். மாலையில் மாட்டி, வண்டியை ஓட்டி நிறுத்தி, காலையில் செல்ஃப் அடிக்கும் முன் பாருங்கள். ஹோஸ் காலியாகவோ பாதியாகவோ இருந்தால் காற்று புகுவது உறுதி. ஸ்டார்ட் செய்து 2,500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். ஃபில்டர் மாற்றியதும் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றுவிடுவது இயல்பு. சோடா மாதிரி பொடிக்குமிழிகள் நிற்காமல் ஓடினால் டேங்குக்கும் அந்த ஹோஸுக்கும் நடுவே ஓட்டை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பம்ப் உறிஞ்சி இழுக்கும் லைனில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். "எங்கேயும் ஒழுகலையே" என்பது இங்கே சான்று ஆகாது. டேங்குக்குள் மின்சார பம்ப் இருக்கும் வண்டியில் அந்த லைன் அழுத்தத்தில் இருப்பதால் ஓட்டை நனைந்து காட்டிக்கொடுக்கும். உங்களுடையது எந்த வகை என்று அறிய, சுற்றுச் சத்தம் இல்லாத இடத்தில் சாவியை ஆன் மட்டும் செய்து பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். சில நொடிகள் முனகல் கேட்டால் டேங்கில் பம்ப் உண்டு. அப்படியானால் அதன் ரிலே, ஃபியூஸ், எர்த் மூன்றையும் பாருங்கள். கேட்கவே இல்லை என்றால் பம்ப் வேலை செய்யவில்லை, அல்லது வண்டி உறிஞ்சும் வகை.

உறிஞ்சும் வகைக்கு இன்னொரு நல்ல சோதனை: 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, பம்ப்புக்குப் போகும் ஹோஸை டேங்க் லைனிலிருந்து பிரித்து, புது ஃபில்டர் வழியாகக் கேனில் விடுங்கள். மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸும் அதே கேனுக்கு வரட்டும். கேன் இன்ஜின் சூட்டிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் தள்ளி, கவிழாமல் இருக்க வேண்டும். வண்டியை நிறுத்திய இடத்திலேயே சோதியுங்கள். ராத்திரி அப்படியே விட்டுக் காலையில் தொட்டதும் எடுத்தால், கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையே என்று முடிவாகிவிடும். இன்ஜெக்டர் பேச்சுக்கே இடமில்லை.

இத்தனைக்கும் பிறகு குறை தொடர்ந்தால்தான் ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது சில நொடியில் 150 முதல் 200 பார் எட்டாவிட்டால் பொதுவாக எந்த காமன் ரெயில் இன்ஜினும் (உங்களுடையது போல ரெயில் உள்ளது) எடுக்காது. ஐட்லிங்கில் 250 – 350 பார் இருக்கும். உங்கள் இன்ஜினின் உச்ச அழுத்தம் சுமார் 1,400 பார். கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் என்ற இரண்டு வரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஓட்டுங்கள். எந்த நேரத்தில் இரண்டும் பிரிகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக ரிட்டர்ன் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, நான்கு சின்ன பாட்டிலில் தனித்தனியாக விட்டு, ரெயில் பக்கம் போகும் ரிட்டர்ன் வாயை அடைத்து, மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பினால் அந்த ஒன்றை மட்டும் பெஞ்சில் (இன்ஜெக்டர் பட்டறையின் சோதனை மேசை) சோதிக்கக் கொடுங்கள். நான்கையும் மொத்தமாக மாற்றச் சொல்பவரிடம் இந்த பாட்டில்களைக் காட்டலாம். இன்ஜெக்டரைக் கழற்றினால் அடியில் உள்ள காப்பர் வாஷரைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். அது உட்காரும் இடத்தில் கரியின் துணுக்குகூட இருக்கக் கூடாது. வாஷர் கசிந்தால் எரிந்த வாயு மேலே வந்து கீல் போலக் கரி படியும், பிறகு இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடு. தலையில் எண் பொறித்த இன்ஜெக்டர் என்றால் புது எண்ணை ஈசியூவில் ஏற்றியாக வேண்டும்.

ஓடும் இன்ஜினில் ஹை பிரஷர் பைப் நட்டை மட்டும் யாரும் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஊசி மாதிரி வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள், அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

கேள்வி: என்னுடையது 2005 ஆக்டேவியா 1.8 டர்போ, பெட்ரோல். ஐட்லிங் அழகாக இருக்கிறது. 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டி டர்போ பிடிக்கும் நேரத்தில் வெட்டி வெட்டி ஓடுகிறது. ஸ்பார்க் பிளக்கும் நான்கு இக்னிஷன் காயிலும் மாற்றியாகிவிட்டது. ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வந்த பிறகு மோசமானது போலத் தோன்றுகிறது. எரிபொருள் பம்ப்பை மாற்றலாமா?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பம்ப்பை வாங்கும் முன் ஒரு பிரஷர் கேஜைக் கடன் வாங்குங்கள். உங்கள் இன்ஜினில் இன்ஜெக்டர்கள் உட்காரும் ரெயிலின் முனையில் பிரஷர் ரெகுலேட்டர் இருக்கிறது. அதன் தலையிலிருந்து ஒரு மெல்லிய வேக்யூம் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) போகிறது. ஐந்து ரூபாய்ப் பேனா ரீஃபில் தடிமனில் இருக்கும் அந்தக் குழாயை முதலில் பாருங்கள். இருபது வருடச் சூட்டில் வெடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதைப் பிடுங்கி முகருங்கள். உள்ளே பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் (உள்ளே உள்ள சவ்வு) கிழிந்துவிட்டது, ரெகுலேட்டரை மாற்ற வேண்டும்.

அந்த ஹோஸ் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் உங்கள் கோளாறு பாதி விளங்கிவிடும். இன்ஜெக்டரின் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் எப்போதும் 3 பார் வித்தியாசம் இருக்க வேண்டும். ஐட்லிங்கில் மேனிஃபோல்டில் வேக்யூம் இருப்பதால் கேஜில் சுமார் 2.5 பார் காட்டும். ஹோஸைப் பிடுங்கினால் 3.0-க்கு ஏறும். டர்போ 0.5 பார் பூஸ்ட் தள்ளும்போது கேஜ் 3.5 காட்ட வேண்டும். ஹோஸ் வெடித்திருந்தால் பூஸ்ட் அடையாளம் ரெகுலேட்டருக்குப் போகாது, 3.0-லேயே நின்றுவிடும். அப்போது இன்ஜெக்டருக்கு உண்மையில் கிடைப்பது 2.5 பார்தான். பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பெட்ரோல் சுமார் 9 சதவீதம் குறையும்.

இதோடு ஈ20-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்த பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று, ஈ10-க்குச் சுமார் 14.1, ஈ20-க்குச் சுமார் 13.5. அதே காற்றுக்கு ஈ10-ஐவிட ஈ20 நான்கைந்து சதவீதம் அதிகமாகத் தெளிக்க வேண்டும். நிதானமாக ஓட்டும்போது புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சாரைப் பார்த்து ஈசியூ இதைச் சரிக்கட்டிவிடும். பூஸ்ட்டில் முழு மிதியின்போது அந்தச் சரிக்கட்டல் அவ்வளவாக உதவாது. இரண்டு குறையும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. ஈ20 உங்கள் கோளாறை உண்டாக்கியிருக்காது, ஒளிந்திருந்த கோளாறை வெளியே கொண்டுவந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

கேஜை நீளமான ஹோஸில் மாட்டி, பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து வைப்பர் கையோடு கட்டுங்கள். வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் முள்ளைப் பார்க்கட்டும். பூஸ்ட் ஏறும்போது முள்ளும் ஏறினால் எரிபொருள் பக்கம் நலம். 3.0-ல் அசையாமல் நின்றால் ஹோஸ் அல்லது ரெகுலேட்டர். முள் கீழே இறங்கினால்தான் பம்ப், ஃபில்டர், கரண்ட் என்று போக வேண்டும். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்தும் 2 பார் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பம்ப்பின் நான்-ரிட்டர்ன் வால்வோ இன்ஜெக்டரோ கசிகிறது.

முள் இறங்கினாலும் பம்ப்பை உடனே குற்றம் சொல்லாதீர்கள். கடற்காற்று எர்த் போல்ட்டுகளை அரித்துவிடும். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைப் பம்ப்பின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வேஸ்லின் தடவி இறுக்குங்கள். இந்த ஒரு வேலையிலேயே பம்ப் உயிர் பெற்ற வண்டிகள் இந்தக் கரையோரத்தில் நிறைய.

முள் சரியாக ஏறியும் வெட்டினால் காற்றுப் பக்கம் வாருங்கள். ஏர் மாஸ் மீட்டரைத் தாண்டி, டர்போவுக்குப் பிறகு உள்ள ஹோஸ் கிழிந்திருந்தால், மீட்டர் எண்ணிக் கணக்கில் சேர்த்த காற்று வழியிலேயே வெளியேறிவிடும். ஈசியூ இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் தெளிக்கும். அப்போது வெட்டலோடு கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் இருக்கும். ஐட்லிங்கில் மீட்டர் நொடிக்கு 2 முதல் 4 கிராம் காட்ட வேண்டும்.

ஹோஸ் மாற்றும்போது கடையில் 'ஜே30 ஆர்9' என்று பக்கவாட்டில் அச்சிட்ட இன்ஜெக்ஷன் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் வண்டிக்கான ஹோஸ் 3 பார் தாங்காது, எத்தனாலில் உப்பிப்போகும். கழற்றும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

கேள்வி: மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டர்போ டீசல் ஜீப். டீசல் தீர்ந்து வழியில் நின்றுவிட்டது. 10 லிட்டர் ஊற்றியும் எடுக்கவில்லை. பேட்டரிதான் இறங்குகிறது.
— வாசகர், வில்லியனூர்

பதில்: ஏர் லாக். டீசல் லைனில் காற்று அடைத்துக்கொண்டது. செல்ஃப் அடித்து அடித்து அது தானாக வெளியேறும் என்று காத்திருந்தால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் போய்விடும். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குருவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கை பம்ப்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி இல்லாமல் முழு டீசலாக வரும். கை பம்ப்பை அழுத்திய நிலையிலேயே ஸ்குருவை இறுக்குங்கள். அடுத்து எஃப்ஐ பம்ப்பில் (நாஸில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் மெக்கானிக்கல் பம்ப்) உள்ள ஏர் ஸ்குருவுக்கும் இதையே செய்யுங்கள். பிறகு நாஸில் (டீசலைத் தெளிக்கும் முனை) பைப் நட்டுகளை, பெரும்பாலும் 17 ஸ்பேனர், ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி 15 நொடி செல்ஃப் அடியுங்கள். நட்டுகளில் டீசல் தெறித்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினால் இன்ஜின் தடுமாறி எடுத்துவிடும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே ஒரு நிமிடம் ஸ்டார்ட்டர் ஆறட்டும். இந்த நட்டு தளர்த்தும் வேலை மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும்தான். காமன் ரெயில் வண்டியில் செய்யவே கூடாது, காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

இந்த வகை வண்டிகளில் இன்னொன்றும் பாருங்கள். டர்போ வரும் பல பம்ப்புகளின் தலையில் வட்டமான டப்பா ஒன்று இருக்கும், மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் அதற்குப் போகும். பூஸ்ட் ஏறும்போது டீசலைக் கூட்டிக்கொடுப்பது அதுதான். அந்த ஹோஸ் கழன்றாலோ உள்ளே டயஃப்ரம் கிழிந்தாலோ வண்டி புகையே இல்லாமல் மந்தமாக ஓடும். "டர்போ வீக்" என்று சொல்லப்படும் ஜீப்புகளில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது.

கேள்வி: புதுச்சேரி எல்லையில் டீசல் விலை குறைவு என்பதால், ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டிவிட்டுக் கன்னியக்கோவில் பக்கம் போய் நிரப்புகிறேன். அடிமண்டி பம்ப்புக்குப் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, ஆல்பேட்டை

பதில்: அடிமண்டிக் கதை பாதிதான் உண்மை. உறிஞ்சும் குழாய் எப்போதும் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. டேங்க் நிறைந்திருந்தாலும் அங்கிருந்துதான் எடுக்கும். ரிசர்வில் ஓட்டுவதில் உள்ள கேடு வேறு. வளைவில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுக்கும். ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசலே மசகு எண்ணெய். காற்றோடு ஓடும் சில நொடிகளில் உலோகம் உலோகத்தை உரசித் தூள் கிளம்பினால், அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் போகும். டேங்குக்குள் மின்சார பம்ப் இருந்தால், சுற்றியுள்ள எரிபொருள்தான் அதைக் குளிர்விக்கிறது. மேலும் காலி டேங்கில் காற்று அதிகம். நம் கரையோர ஈரப்பதத்தில் ராத்திரி குளிரும்போது அந்தக் காற்றிலிருந்து நீர் துளித்து டீசலில் சேரும். கால் டேங்குக்குக் கீழே இறங்கும் முன் எல்லை தாண்டி நிரப்பிக்கொள்ளுங்கள். விலை லாபமும் கிடைக்கும், பம்ப்பும் பிழைக்கும்.

நிரப்பும் இடத்தில் சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் அளந்து காட்டச் சொல்லலாம். 15 டிகிரிக்குத் திருத்திய கணக்கில் டீசல் ஒரு கனமீட்டருக்கு 845 கிலோவைத் தாண்டக் கூடாது. அன்று பங்க்கில் எழுதி வைத்திருக்கும் அளவோடு 3-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அளவு சரியா என்று 5 லிட்டர் படியிலும் ஊற்றிக் காட்டச் சொல்லலாம்.

கேள்வி: மழை வெள்ளத்தில் என் டீசல் கார் சீட் வரை மூழ்கி நின்றது. தண்ணீர் வடிந்துவிட்டது. காமன் ரெயில் வண்டி. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
— வாசகர், செம்மண்டலம்

பதில்: சாவியைக்கூட ஆன் செய்யாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு தென்பெண்ணை பெருகியபோது மூழ்கிய வண்டிகளுக்கும் இதுவேதான் முறை. சாவி ஆன் ஆனால் சில வண்டிகளில் டேங்க் பம்ப் ஓடி, தண்ணீரை ஹை பிரஷர் பம்ப் வரை கொண்டுபோய்விடும். தண்ணீருக்கு மசகுத்தன்மை இல்லை. மைக்ரான் கணக்கில் இழைத்த பாகங்களில் ஒரே இரவில் துரு பிடிக்கும். டேங்கைக் கழுவும் செலவோடு போவது, பம்ப், ரெயில், இன்ஜெக்டர் மூன்றுக்கும் சேர்த்து வந்து நிற்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இழுவை வண்டியில் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யும் யோசனையே வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியில் ஈரம் இருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றும்வரை டர்போவைச் சுற்றவிடாதீர்கள். டேங்கை இறக்கி, முழுக்க வடித்து, உலர்த்தி, லைனை டேங்க் பக்கமிருந்து ஃபில்டர் வரை காற்றடித்து, புது ஃபில்டர் போட்டு, சுத்தமான டீசல் விட்டு ஏர் எடுங்கள். முதல் 200 கிலோமீட்டரில் அந்தப் புது ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு டம்ளர் அளவு வடித்துப் பாருங்கள். தண்ணீர் தெரிந்தால் ஃபில்டரை மறுபடி மாற்றுங்கள். இரண்டாவது ஃபில்டர் செலவுக்குத் தயங்க வேண்டிய நேரம் இது இல்லை.

கேள்வி: நாஸில் சுத்தமாக, டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டலாமா?
— வாசகர், பண்ருட்டி

பதில்: வேண்டாம். மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழவழப்பு இல்லை, பம்ப் தேயும். நாஸில் சுத்தம் ஆவதும் இல்லை.

கேள்வி: ஆயில் மாற்றி 4,000 கிலோமீட்டர்தான் ஆகிறது. டர்போ டீசல் காரில் ஆயில் குறைவதற்குப் பதிலாக டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறது. நல்லதுதானே?
— வாசகி, அரியாங்குப்பம்

பதில்: ஆபத்து. ஆயில் தானாகப் பெருகாது. கூலன்ட் குறையாமலும் ஆயில் பால் நிறம் ஆகாமலும் இருந்தால் டீசல்தான் கலக்கிறது. டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவே கறுப்பும், அதைத் தாண்டி வெளியே அகலமான மங்கல் வளையமும் பரவினால் டீசல் கலப்பு. முகர்ந்தாலும் தெரியும். விரலிடுக்கில் தேய்த்தால் பிசுபிசுப்பு இல்லாமல் நழுவும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது ஆயில் படலத்தின் மேல்தான். டீசல் கலந்து நீர்த்த ஆயிலில் அந்தப் படலம் நிற்காது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. மட்டம் அதிகமாகி ஆயில் பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே எடுக்கும் குழாய்) வழியாக இன்டேக்குக்குப் போனால், இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கி, சாவியை அணைத்த பிறகும் கட்டுக்கடங்காமல் ஓடும். அப்படி நேர்ந்தால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க அழுத்தி, கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை நிறுத்துவதே வழி.

ஆகவே வண்டியை ஓட்டாமல் முதலில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். மட்டம் மேல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கட்டும். பிறகு காரணத்தைத் தேடுங்கள். ரிட்டர்ன் சோதனையோடு, இன்ஜெக்டர்களைக் கழற்றி பெஞ்சில் நாஸில் முனை சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொட்டும் நாஸிலிலிருந்து வரும் டீசல் எரியாமல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஹை பிரஷர் பம்ப்பில் தண்டு சீல் போயிருந்தாலும் டீசல் நேராக ஆயிலில் கலக்கும். அதைக் கண்டுபிடிக்க, புது ஆயில் ஊற்றியதும் டிப்ஸ்டிக்கில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, வண்டி நிற்கும் சமதளத்திலேயே 100 கிலோமீட்டருக்கு ஒரு முறை பாருங்கள். பெஞ்சில் நாஸில்கள் தேறி, கோடு மட்டும் ஏறிக்கொண்டே போனால் பம்ப்பைக் கழற்றலாம்.